மாத்திரையை நிறுத்தும் முன்

அன்பு மகளுக்கு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நமக்குள் வாக்குவாதம் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

"ஸ்டீராய்டை நானே நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்று நீ சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எண்ணம் உனக்கு ஏன் வந்தது என்பது புரியாமல் இல்லை. என் சிறுநீரகத்தை உனக்கு வைத்த ஆபரேஷன் முடிந்த புதிதில் டோஸ் அதிகமாக இருந்தபோது உன் கன்னம் உப்பிப்போனதும், யாராவது போட்டோ எடுத்தால் நீ பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவதும், தூக்கம் வராமல் நடுராத்திரியில் துணி மடித்துக்கொண்டிருந்ததும் எல்லாம் நான் பார்த்ததுதானே. இப்போது 5 மி.கி.தான் என்றாலும், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, எலும்பு ஸ்கேனில் அடர்த்தி குறைவு என்று வந்திருக்கிறது. நிறுத்த நினைப்பது நியாயம். நீயாகவே நிறுத்துவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உன்னோடு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டாய். சரியான கேள்விதான். அதற்குப் பதில் தேடி நிறையப் படித்தேன். ரிஜெக்ஷன் என்றால் வைத்த சிறுநீரகத்தை உடம்பு வேற்றாளாக நினைத்துத் தாக்குவது; அதைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு. அந்த ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கு, ஆபரேஷன் சமயத்திலேயே எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி போட்டு, முதல் வாரத்துக்குள் ஸ்டீராய்டை நிறுத்தலாம் என்று 2009இல் வந்த கேடிகோ (KDIGO) என்ற சர்வதேச சிறுநீரக மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதே வழிகாட்டுதல், முதல் வாரத்தைத் தாண்டியும் கொடுத்துவிட்டால் நிறுத்துவதைவிடத் தொடர்வதே மேல் என்றும் சொல்கிறது. அவள் முதல் வகை, நீ இரண்டாவது வகை. அவளுடைய கதையை உனக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

முதல் வாரத்தில் நிறுத்தினால்கூட விலை இல்லாமல் இல்லை. 2008இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 386 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏழு நாளில் ஸ்டீராய்டை நிறுத்தி, மறுபாதிக்குக் குறைந்த டோஸில் தொடர்ந்து கொடுத்து, ஐந்து வருடம் பார்த்தார்கள். சிறுநீரகம் நிலைத்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பயாப்சியில் (சிறுநீரகத் திசுவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் டெஸ்டில்) உறுதியான ரிஜெக்ஷன், நிறுத்தியவர்களில் 100க்குச் சுமார் 18 பேருக்கும் தொடர்ந்தவர்களில் சுமார் 11 பேருக்கும் வந்தது. இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை வந்தது நிறுத்தியவர்களிடம் குறைவு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, அம்மா. இதை மருத்துவர் முன்னால் வைத்துப் பேச வேண்டும். நீ தனியாக உட்கார்ந்து முடிவெடுக்கிற விஷயமில்லை.

என் சிறுநீரகம் என்பதற்காக இதைச் சொல்வதாக நினைக்காதே. கொடுத்த அன்றே அது உன்னுடையதாகிவிட்டது. ஆனால் பெற்றவளிடமிருந்து வந்ததென்றாலும் திசுப் பொருத்தம் பாதிக்குத்தான் உறுதி. மீதிப் பாதியை உன் உடம்பு இன்னும் வேற்றாளாகத்தான் பார்க்கும். ரிஜெக்ஷன் வந்தால் வலிக்கும், காய்ச்சலடிக்கும், உடனே தெரிந்துவிடும் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். பல பேருக்கு ஒன்றுமே தெரியாது. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறிய பிறகுதான் வெளியே வரும்.

அப்புறம் அட்ரினல் விஷயம். இதை யாரும் உனக்கு விளக்கமாகச் சொல்லியிருப்பார்களா தெரியாது. உன் பழைய சிறுநீரகங்களை எடுக்கவில்லை, என்னுடையதை அடிவயிற்றில் வைத்தார்கள் அல்லவா? அந்தப் பழையவற்றின் தலைமேல் ஆளுக்கொன்றாக அட்ரினல் என்ற ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரப்பது அதுதான். ஒரு நாளைக்கு அது சுரப்பது ஏறக்குறைய நீ போடும் ஸ்டீராய்டான 5 மி.கி. பிரெட்னிசலோனுக்குச் சமம். இத்தனை காலம் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்ததால் அது வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் அடுத்த நாளே அது எழுந்து வேலைக்கு வந்துவிடாது, மாதக்கணக்கில்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் உடம்பு அசதியாக இருக்கும், மூட்டு வலிக்கும், குமட்டும், எழுந்து நின்றால் தலை சுற்றும். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நிறுத்துவதென்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காலையில் கார்டிசால் அளவு பார்த்து நிறுத்துகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டீராய்டு உள்ளே இருக்கும்வரை, ரிஜெக்ஷனைத் தடுக்க நீ போடும் இன்னொரு மாத்திரையான டாக்ரோலிமஸை உடம்பு சற்று வேகமாக உடைத்துத் தள்ளும். ஸ்டீராய்டை எடுத்துவிட்டால் அதே டோஸிலேயே டாக்ரோலிமஸ் ரத்தத்தில் கூடக்கூடும். அது கூடினாலும் கிரியேட்டினின் ஏறும், ரிஜெக்ஷன் வந்தாலும் ஏறும். எது என்று டெஸ்ட் எடுக்காமல் எப்படித் தெரியும்? மருத்துவருக்குச் சொல்லாமல் நீ நிறுத்தியிருந்தால் அவர் தவறான பக்கம் தேடிக்கொண்டிருப்பார்.

ஏற்கெனவே ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் பயப்படாமல் அவரிடம் சொல்லிவிடு. திட்டினாலும் பரவாயில்லை.

அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள். எனக்கு ரிஜெக்ஷன் ஆபத்து எவ்வளவு, கொடுத்தவருடைய திசுவைத் தாக்கும் ஆன்டிபாடி என் ரத்தத்தில் இருக்கிறதா, சிறுநீரில் புரதம் போகிறதா, என் பழைய நோய் திரும்பி வர வாய்ப்புள்ள வகையா, நிறுத்துவதற்குப் பதில் எலும்புக்கும் சர்க்கரைக்கும் தனியாக ஏதாவது செய்யலாமா. இதையெல்லாம் கேட்டு, அவர் பார்த்துவிட்டு நிறுத்தலாம் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கணும் என்பதையும் அவரிடமே தெளிவாகக் கேட்டுக்கொள். வேண்டாம், 5 மி.கி. தொடரட்டும் என்றால் கோபித்துக்கொள்ளாதே.

ரத்தம் கொடுக்கிற அன்று காலை டாக்ரோலிமஸைப் போட்டுக்கொண்டு போகாதே, அளவு தப்பாகக் காட்டும். கையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்ததும் போட்டுக்கொள். ரிசல்ட் வந்ததும் எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
அம்மா