வைகாசி மழை

கொக்குவில்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகளுக்கு,

நான் நல்ல சுகம். முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. அணில் விட்டுவைத்ததில் மாமி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன்.

போன கிழமை கதைக்கும்போது நீ சொன்ன ஒன்று மனதிலேயே நிற்கிறது. நீ அனுப்பிய பாரிஸ் ஒற்றுக் கதையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறோம், சரி. ஆனால் 1943 இல் நடக்கிற அத்தியாயங்களை மட்டும் வாசித்துவிட்டு, அந்த ஒற்றுப் பெண்ணின் பேத்தி வருகிற இக்கால அத்தியாயங்களைத் தாண்டிவிடுகிறேன் என்றாய். "அவளுக்கு என்ன ஆபத்து அம்மா, கோப்பி குடித்துக்கொண்டு பழைய பெட்டியைக் கிண்டுகிறாள்" என்றாய். அப்படித் தாண்டாதே பிள்ளை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

திருக்குறளில் 59 ஆவது அதிகாரம் ஒற்றாடல். ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேரின் சொல் ஒத்துவந்தால்தான் நம்பலாமாம். இந்தக் கதைகளில் பேத்தி பார்ப்பது அந்த இரண்டாவது ஒற்றனின் வேலை. காதலன்தான் காட்டிக்கொடுத்தான் என்று 1943 இல் அந்தப் பெண் நம்புகிறாள், அவளோடு சேர்ந்து நாமும் நம்புகிறோம். அறுபது வருஷம் கழித்துப் பேத்தி ஒரு கோப்பைத் திறந்து, திகதி ஒன்று பிழைக்கிறதே என்று நிற்கும் இடத்தில் எனக்கு நெஞ்சு படபடக்கும். நீ தாண்டிப் போனது அந்தப் பக்கங்களைத்தான்.

இந்த இரண்டு காலம் சும்மா அலங்காரத்துக்கு வைப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் என்ற இரகசிய நிலையத்தில் எதிரியின் குறிமொழிகளை உடைத்தவர்கள், போர் உச்சத்தில் கிட்டத்தட்ட 9,000 பேர். அவர்களில் நாலில் மூன்று பங்கு பெண்கள். வாய் திறப்பதில்லை என்று கையெழுத்து வைத்தவர்கள். 1974 இல் அந்தச் செய்தி வெளியே வரும்வரை கட்டின கணவனுக்குக்கூடச் சொல்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். மகள் என்ன செய்தாள் என்று தெரியாமலே தாய் தகப்பன் கண் மூடியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மௌனத்தை அந்தக் காலத்துக்குள்ளேயே நின்று முழுவதும் சொல்ல முடியாது. பிறகு ஒருத்தி வந்து தேட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் திகதி போட்டு நாட்குறிப்பில் எழுதி அலுமாரிக்குள் வைத்துவிட்டுச் செத்துப்போகிற ஒற்றர்கள் வரும் கதை எனக்குப் பிடிக்காது. அப்படி எழுதுகிற பழக்கம் உள்ளவளை யார் அந்த வேலைக்கு எடுப்பார்கள்?

காதலை ஏன் இதற்குள் போட்டுக் குழப்புகிறார்கள் என்றும் கேட்டாய். லியோ மார்க்ஸ் என்று ஒருவர் இருந்தார். பிரித்தானிய இரகசியப் படையில், பிரான்சுக்குள் இறங்குகிறவர்களுக்குக் குறிமொழி தயாரித்துக் கொடுத்தவர். அப்போது ஒரு கவிதையின் சொற்களைச் சாவியாக வைத்துத்தான் செய்தியைப் பூட்டுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த கவிதை என்றால் எதிரியும் கண்டுபிடித்துவிடுவான். அதனால் மார்க்ஸ் தானே புதிதாக எழுதிக் கொடுத்தார். விமான விபத்தில் இறந்துபோன தன் காதலியை நினைத்து 1943 நத்தாருக்கு முதல் நாள் எழுதிய கவிதை ஒன்றை, அடுத்த மார்ச்சில், பிரான்சுக்குப் போக இருந்த வயலட் சாபோ என்ற ஒற்றுப் பெண்ணுக்குச் சாவியாகக் கொடுத்தார். சாபோவுக்கு அப்போது 22 வயது. கணவனைப் போரில் இழந்தவள், கைக்குழந்தைக்காரி. 1945 தொடக்கத்தில் ராவென்ஸ்புருக் முகாமில் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். அவளுடைய வீரத்துக்குக் கிடைத்த ஜோர்ஜ் சிலுவைப் பதக்கத்தை 1947 இல் அரசனின் கையிலிருந்து வாங்கியது நாலு வயது மகள் தானியா. காதலும் ஒற்றும் எங்கே பிரிகின்றன என்று நீயே சொல்லு. லண்டனில் தேம்ஸ் கரையில், லாம்பெத் அரண்மனைக்குப் பக்கத்தில் சாபோவின் சிலை இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. எல்லாக் கதையும் பாரிஸிலும் பெர்லினிலும்தான். 1944 இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் நம் கண்டியில் இருந்தது. அமெரிக்க உளவுத்துறையும் அங்கே கந்தோர் வைத்திருந்தது. பின்னாளில் சமையலால் உலகப் புகழ் பெற்ற ஜூலியா சைல்ட், தன் கணவனைச் சந்தித்தது அந்த வேலைக்கு வந்த இடத்தில்தான். அதை ஒருவர் எழுதக்கூடாதா?

சரி, இனி நம் வீட்டுக் கதை. போன வருஷம் நீ வந்து காணி உறுதி தேடியபோது ட்ரங்குப் பெட்டிக்குள் அப்பாவின் கடிதக் கட்டைக் கண்டாய். 1993 இல் அப்பா கொழும்பில், நான் இங்கே உன்னையும் வைத்துக்கொண்டு. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் எழுதி, கிளாலிக் கடலேரியால் படகில் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். வழியில் யார் பிரித்துப் பார்ப்பார்களோ என்ற பயம். அதனால் ஷெல் அடிக்கு 'மழை' என்று எழுதுவேன். மருந்து கிடைக்கவில்லை என்றால் 'மாமாவின் கடை பூட்டு'. நீ ஒரு கடிதத்தை வாசித்துவிட்டு, "அம்மா, அந்த வைகாசியில் இவ்வளவு மழையா?" என்று கேட்டாய். யாழ்ப்பாணத்து வைகாசியில் ஏது மழை என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டாய். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தப் பேத்தியின் இடத்தில் நின்றவள் நீ.

இப்போது அந்தக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். ஒன்றில் 'நல்லெண்ணெய்ப் போத்தல் இரண்டும் வந்து சேர்ந்தது' என்று எழுதியிருக்கிறேன். அப்பா அதைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார். என் கையெழுத்துத்தான், ஆனால் என்ன கருதி எழுதினேன் என்று எனக்கே நினைவு வரவில்லை. கேட்க அப்பாவும் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது இரண்டு கிழமை கூட்டி லீவு போடு. அதற்கு முன்னும் பின்னும் வந்த கடிதங்களைத் திகதிப்படி அடுக்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா