டெல்லியின் ஒன்றே கால் மெகாஹெர்ட்ஸ்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. ஒருவழியாகப் புது வீட்டுக்குப் போய்விட்டாய், சந்தோஷம். மாடியில் சிக்னல் இல்லை என்ற புலம்பலுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நீ கேட்ட கணக்கு: துண்டு அலைக்கற்றைக்கு ஏன் அவ்வளவு விலை?

2021 ஏப்ரலில் ஏர்டெல் தன் 800 மெகாஹெர்ட்ஸ் பட்டை அலைக்கற்றையில் ஆந்திரா சர்க்கிளில் (தொலைத்தொடர்பு வட்டத்தில்) 3.75 மெகாஹெர்ட்ஸ், மும்பையில் 2.5, டெல்லியில் 1.25 என்று ஜியோவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. கூட்டினால் ஏழரை (சனியை நினைக்காதே). ஒப்பந்தப்படி ஜியோ கொடுக்க வேண்டியது 1,037.6 கோடி ரூபாய். அரசுக்கு அதன்பின் கட்ட வேண்டியிருந்த தவணைகள் 459 கோடி, அதுவும் ஜியோ தலையில். "இத்தனூண்டுக்கு இவ்வளவா?" என்கிறாய்.

எல்டிஇ, அதாவது 4ஜி தொழில்நுட்பம், நினைத்த அகலத்தில் ஓடாது. 1.4, 3, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான் அளவுகள். டெல்லியில் வாங்கிய பிறகு ஜியோவிடம் இருப்பது 10. அப்படியானால் முன்னால் இருந்தது 8.75. அதில் 5 ஒன்று, 3 ஒன்று வைக்கலாம்; முக்கால் வீண். 5-க்கு 25 வளக்கட்டங்கள் (தகவல் ஏறிப் போகும் சிறு கூறுகள்), 3-க்கு 15, ஆக 40. முழு 10-ஆக ஓட்டினால் 50. அலைக்கற்றை ஏறியது ஏழில் ஒரு பங்கு, கொள்ளளவு ஏறுவதோ கால் பங்கு. ஆந்திராவில் இன்னும் வேடிக்கை. அங்கே 6.25, அதாவது ஒரு 5 போக மிச்சம் ஒன்றே கால். 1.4 கூட அதில் நுழையாது. அந்த 5-இன் 25 கட்டம், 3.75 வந்து சேர்ந்ததும் 50 ஆகிறது. ஒன்றுக்கு இரண்டு!

விற்றவர் பக்கம் பார். டெல்லியில் வெறும் 1.25-ஐ வைத்துக்கொண்டு எல்டிஇ-யில் ஒன்றுமே செய்ய முடியாது. சிடிஎம்ஏ என்ற பழைய போன் தொழில்நுட்பக் காலத்து அளவு அது. பயன்படுத்தாமல் கிடந்ததைத்தான் விற்றோம் என்று ஏர்டெல்லே சொன்னது. பக்கத்து மனைக்காரன் மட்டும் கூடுதல் விலை கொடுக்கிற மூலைத் துண்டு நிலம் மாதிரி. ஆனால் துண்டு ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் வேறொருவன் துண்டு கிடந்தால் 8.75-உம் 1.25-உம் சேர்ந்து பத்து ஆகாது, தனித்தனியாகவே நிற்கும். அதனால் மெகாஹெர்ட்ஸ் எண்ணிக்கையை விட, எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வெறும் அகலத்துக்கு விலை இல்லை என்பதற்கு இன்னொன்று. 2022 அலைக்கற்றை ஏலத்தில் அதானி குழுமம் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸை 212 கோடிக்கே எடுத்தது. அந்த அலை சுவரைக் கண்டாலே நின்றுவிடும். 2025 ஏப்ரலில் அது அத்தனையையும் ஏர்டெல் வாங்க ஒப்பந்தம் போட்டது. நம் தமிழ்நாட்டுப் பங்கு 50.

அலைக்கற்றையைக் கைமாற்றும் விதிகள் 2015-இல் வந்தன. அவற்றின்படி: ஏலத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், அல்லது சந்தை விலை கட்டியிருக்க வேண்டும். வாங்கி இரண்டு வருஷம் ஆகாமல் விற்கக் கூடாது. 45 நாள் முன்னதாக இரண்டு பேரும் தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். பரிமாற்றக் கட்டணம் ஒரு சதவீதம். கை மாறினால் ஆயுள் நீளாது: இருபது வருஷத்தில் பன்னிரண்டு ஓடிவிட்டால் வாங்குபவருக்கு எட்டுதான். விலையை மிச்ச வருஷத்தால் வகுத்துப் பார்க்காதவன் ஏமாறுவான்.

பேரம் முறிகிற இடம் பெரும்பாலும் நிலுவைதான். விற்பவர் பழைய பாக்கியை முழுக்கத் தீர்த்துவிட்டே கைமாற்ற வேண்டும். ஆர்காம் (அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ்) 2017 டிசம்பரில் ஜியோவோடு போட்ட ஒப்பந்தத்தில் 122.4 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. பழைய பாக்கிக்குப் பொறுப்பேற்க ஜியோ தயாராக இல்லை, துறையும் விடவில்லை. 2019-இல் எல்லாம் கலைந்தது. மனைக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோமே, இங்கே வில்லங்கமே துறையின் கணக்குப் புத்தகத்தில்தான். நீ ஆடிட்டர், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மதிப்பீட்டுக்கு உட்காரும்போது விலைக்கு முன்னால் இந்த நிலுவைத் தாளைக் கேள்.

இனி உன் மாடி. உன்னுடையது ஜியோதானே? போனின் நெட்வொர்க் விவரத்தில் 'பேண்ட் 40' என்று காட்டினால் நீ 2300 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறாய், கான்கிரீட்டில் அது செத்துவிடும். 'பேண்ட் 5' என்றால் இதே 800-தான், உள்ளே நன்றாக நுழையும். அதுவும் வராவிட்டால் அமைப்புகளில் வைஃபை காலிங்கை இயக்கிவிடு. வீட்டு பிராட்பேண்டிலேயே அழைப்பு போகும். எது காட்டுகிறது என்று பார்த்து எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
கணேசன்