களனி ஆறும் ஒரு சொடுக்கும்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம். கோபிக்காதே. அம்மா சுகம், மழைக்கு முழங்கால்தான் படுத்துகிறது. பெரியக்கா அனுப்பிய ஒடியல் மா கிடைத்தது. கூழ் காய்ச்ச நீ வரும்வரை காத்திருக்கமாட்டோம், சொல்லிவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். களனி ஆற்றின் நீர்மட்டத்தை ஆண்டு ஆண்டாக, பைதான் மொழியில் படம் வரைய உதவும் நிரல் நூலகமான மட்பிளாட்லிப்பில் வரைந்து, சந்தேகமான புள்ளியைச் சொடுக்கினால் அது குறிபடும்படி நிரல் எழுதினேன். படம் வடிவாக வந்தது. சொடுக்கினால் அசைவே இல்லை! பிழைச் செய்தி வந்தாலாவது தேடும் இடம் தெரியும். மூன்று இரவு நித்திரை போயிற்று.

காரணத்தைக் கேள். நிரலில் உண்டாக்கும் ஒரு பொருளுக்குரிய மெதடை, அதாவது அதன் செயற்கூற்றை, சொடுக்கும்போது அழைக்கவேண்டிய கால்பேக்காகக் கொடுத்தால், படத்தைத் தாங்கும் பரப்பான கேன்வாஸ் அதை இறுக்கிப் பிடிக்காது. வீக் ரெஃபரன்ஸாகவே, வேறெதுவும் பிடித்திராவிட்டால் நழுவிப்போகும் தளர்ந்த பிடியாகவே, வைத்திருக்கும். நான் அந்தப் பொருளை ஒரு ஃபங்ஷனுக்குள் உண்டாக்கி, எந்த மாறியிலும் வைக்காமல் விட்டுவிட்டேன். ஃபங்ஷன் முடிந்ததும் பைதான் அதைத் துடைத்தெறிந்தது. கால்பேக்கும் கூடவே போனது. தனி ஃபங்ஷனைக் கொடுத்திருந்தால் இந்த வில்லங்கம் இல்லை.

அந்தப் பயத்தில், உண்டாக்கிய ஒவ்வொரு பொருளையும் ஒரு பட்டியலில் பத்திரப்படுத்தினேன். அங்கேதான் பெரிய பிழை, மச்சான். ஆண்டை மாற்றும்போதெல்லாம் புதிய பொருள் பிறந்தது, பழையவையும் சாகவில்லை. அச்சை, அதாவது வரைபடக் கட்டத்தை, துடைத்து மீண்டும் வரைந்தாலும் கேன்வாஸ் அதேதான், பழைய இணைப்புகளும் அதிலேயே இருந்தன. 2018இன் மே மாதப் புள்ளி ஒன்றைச் சொடுக்கினேன். அதே சொடுக்கைப் பழைய பொருளும் கேட்டதால், 2016இன் மே மாதமும் தவறான பதிவென்று குறிபட்டுவிட்டது. 2016 மே! கொலன்னாவையில் உன் மாமி வீட்டார் படகேறிய வெள்ளம் அது. அதையல்லவா பிழையென்று நீக்கப் பார்த்தேன்! கை நடுங்கியது.

கால்பேக்கைக் கேன்வாஸோடு இணைக்கும் எம்பிஎல்_கனெக்ட் ஓர் இலக்கத்தைத் திருப்பித் தருகிறதல்லவா, இத்தனை நாளும் அதை நான் வாங்கிக்கொண்டதே இல்லை. இப்போது வாங்கி வைத்து, ஆண்டு மாறுமுன் எம்பிஎல்_டிஸ்கனெக்டுக்குக் கொடுத்துத் துண்டிக்கிறேன். அச்சுக்கு வெளியே சொடுக்கினால், சொடுக்கிய இடத்தின் கிடை அளவைத் தரும் எக்ஸ்டேட்டாவில் மதிப்பே இராது. சொடுக்கு எந்த அச்சில் விழுந்ததென்று சொல்லும் இன்ஏக்ஸஸைப் பார்த்து அதையும் தள்ளிவிடுகிறேன்.

இந்த நூலகத்தைத் தொடங்கிய ஜான் ஹன்டர், காக்காய் வலிப்பு நோயாளரின் மூளை அலைகளைப் பார்க்கவே இதை எழுதினார். 2012இல், 44 வயதில் போய்விட்டார். அவர் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் ஓர் ஆள் படுத்திருந்தார். களனியின் புள்ளிகளையும் நான் இனி அப்படித்தான் பார்ப்பேன்.

உன் கிணற்று நீர்மட்டப் படமும் இதே முறையில் எழுதியதுதானே? இன்றிரவே மாதத்தை நான்கு முறை மாற்றிவிட்டு ஒரே ஒரு தரம் சொடுக்கு. எத்தனை குறி விழுகிறதென்று எண்ணி எழுது.

அன்புடன்,
உன் மச்சான்