72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிரிட்ஜ் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். டெல்லி மயூர் விஹாரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். வீட்டில் நான், என் கணவர், 81 வயது மாமியார், அப்புறம் 2017-இல் வாங்கிய ஒரு ஃபிரிட்ஜ். அது எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப்போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் 'அப்பாடா, நாமில்லை' என்று மடித்து வைத்துவிடுவீர்கள். எங்கள் குடியிருப்பில் நான் கேட்ட கதைகளை வைத்துப் பார்த்தால், யாருமே அப்படி மடித்து வைக்க முடியாது.

2024 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி. அதற்கு அடுத்த வாரம் ஒரு ராத்திரி, ஒரு மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் விளக்கு எரிகிறது, காற்று மட்டும் வெதுவெதுப்பாக வருகிறது. சாயங்காலம் அரைத்து உள்ளே வைத்திருந்த தோசை மாவு பொங்கி, எவர்சில்வர் தூக்கின் மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டு, கீழ்த் தட்டில் இருந்த கத்தரிக்காய் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. டெல்லியில் குளிர்காலத்தில் இதே மாவைப் புளிக்கவைக்கப் போர்வை போர்த்தி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்துக் கெஞ்சுவேன். அன்றைக்குக் கேட்காமலே பொங்கியது.

பின்னால் காதை வைத்துக் கேட்டேன். ஐந்தாறு நொடி 'ம்ம்' என்று ஒரு முனகல், உடனே 'டக்'. நாலைந்து நிமிடம் அமைதி. மறுபடி முனகல், மறுபடி 'டக்'.

உங்கள் எண்ணை அழைத்தேன். ஹிந்திக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் என்றது. பதினான்கு நிமிடம் பாட்டுப் போட்டீர்கள். கடைசியில் ஒரு பெண் வந்து புகார் எண் கொடுத்தார். '72 மணி நேரத்துக்குள் ஆள் வருவார்' என்றார். அதுவரை நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். 'வெயிட் பண்ணுங்க மேடம்' என்றார். பாவம், அவர் கையில் இருந்த தாளில் அவ்வளவுதான் எழுதியிருந்திருக்கும். அந்தத் தாளை எழுதியவர்களுக்குத்தான் இந்த மடல். இந்தச் சித்திரையில் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் இதே கதை நடந்தது. அதனால்தான் இத்தனை நாள் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தப் பதினான்கு நிமிடப் பாட்டுக்குப் பதில் நீங்கள் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம்! முதலில், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் மிக்ஸியைச் செருகிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். மிக்ஸி ஓடவில்லை என்றால் கோளாறு சுவரில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட வேண்டும். ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள் அதில் என்ன எண் காட்டுகிறது என்று பார்க்கலாம். எங்கள் வீட்டில் அன்று 178. ஊரே ஏசி போட்டுக்கொண்டு தூங்கும் நேரத்தில் 230 வோல்ட்டுக்கு எங்கே போவது? அந்த அழுத்தத்தில் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். கரண்ட் போய் வந்தாலும், பிளக்கைப் பிடுங்கிச் செருகினாலும், ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் போட வேண்டும். குழாய்க்குள் இருக்கும் கேஸின் அழுத்தம் இரண்டு பக்கமும் சமமாக அவ்வளவு நேரமாகும். இது தெரியாமல் ஆன், ஆஃப் என்று தட்டிக்கொண்டே இருக்கிறோம். நானும் அன்று தட்டினேன்.

அப்புறம் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு நடுவே இருக்கும் அந்தப் பொத்தான். ஐஸ் கரைவதற்கான பொத்தான் அது. யாராவது தெரியாமல் அழுத்திவிட்டால், ஐஸ் கரையும்வரை கம்ப்ரஸர் ஓடாது; கரைந்ததும் தானே ஓடும். எதிர் வீட்டில் பேரன் விளையாட்டாக அழுத்திவிட்டான். வந்தவர் அரை மணி நேரம் எதையோ நோண்டிவிட்டு, கிளம்பும்போது 'இப்ப ஓடுது பாருங்க' என்று விசிட் சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார். அது தானாகத்தான் ஓடியது. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் கேள்வியே வேறு. மேலே ஐஸ் உறைகிறது, கீழே குளிரவில்லை என்றால் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள். உள்ளே காற்றைத் தள்ளும் ஃபேனோ, ஐஸை உருக்கும் ஹீட்டரோ மக்கர் பண்ணியிருக்கும். இதையெல்லாம் ஒரு வாடிக்கையாளர் போனிலேயே சொல்லிவிட்டால், உங்கள் ஆள் சரியான சாமானோடு வருவாரே!

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப் பகுதி நாலு மணி நேரம் தாங்கும். நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி என்பது பொதுவான கணக்கு. டெல்லி ஜூன் மாதச் சமையலறையில் அதிலும் கழித்துக்கொள்ள வேண்டும். பால், சமைத்த சாதம், பருப்பு, கறி, மீன் எல்லாம் 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் கிடந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. என் மாமியார் பழைய ஆள். 'கொதிக்க வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்டி' என்றார். சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமி விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. மோந்து பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஊறுகாய், நெய், புளிக்காய்ச்சல் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. மதர் டைரியில் வாங்கிய ஒன்றரை லிட்டர் பாலை மட்டும் வயிறெரியக் கொட்டினேன். மாவை விடியற்காலையில் கீழ்வீடு, எதிர்வீடு, காவல்காரர் எல்லோருக்கும் தோசையாக வார்த்துத் தீர்த்தேன். புளிப்புதான், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மாவும் பாலும் போனால் போகட்டும். இன்சுலின்?

மாமியாருக்குப் பிரிக்காத இன்சுலின் நான்கு, கதவுத் தட்டில் இருந்தன. அவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. பிரித்து உபயோகத்தில் இருப்பதை வெளியே சுமார் நாலு வாரம் வைக்கலாம் என்கிறார்கள். ஆனால் அது 25, 30 டிகிரி அறையில். எங்கள் கூடத்தில் அன்று ராத்திரியே 37. விடியும்வரை இரண்டு பேரும் தூங்கவில்லை. ஃப்ளாஸ்கில் ஐஸ் போட்டு வைக்கலாமா என்றார் கணவர். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண். கடைசியில், பிரிக்காத நான்கையும் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, காலை ஐந்தரைக்குக் கீழ்வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தேன். பிரித்திருந்ததை மண் சுராஹியில் வைத்தோம். ரோட்டோரத்தில் விற்பார்களே, அந்தக் கூஜா. பெரிய மண் சட்டியில் ஈர மணல் பரப்பி, அதில் சுராஹியைப் புதைத்து, உள்ளே தண்ணீர் படாமல் டப்பா, மேலே ஈரத்துணி, எதிரே ஃபேன். டெல்லியில் கோடையில் அடிக்கும் லூ என்ற வறண்ட அனல் காற்றில் ஈரம் சட்டென்று ஆவியாகும், உள்ளே குளுகுளு என்று இருக்கும். கூலர் வேலை செய்வதும் இதே வித்தையில்தான். ஜூலையில் மழை வந்து புழுங்க ஆரம்பித்தால் இந்த வித்தை பலிக்காது.

உங்கள் புகார்ப் பதிவில் 'வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்கும் மருந்து இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி சேருங்கள். ஆம் என்பவர் வீட்டுக்கு முதலில் ஆள் அனுப்புங்கள். காசு செலவில்லாத காரியம்.

நாலாம் நாள் உங்கள் ஆள் வந்தார். வெளிச்சம் அடித்துப் பின்னால் எட்டிப் பார்த்தார். கம்ப்ரஸரைக் கையால் தொட்டார், சுட்டது. 'கம்ப்ரஸர் போயிடுச்சு' என்றார். மொத்தம் ஆறு நிமிடம். கதவில் பத்து வருட வாரண்டி ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது என்று காட்டினேன். வாரண்டி கம்ப்ரஸருக்கு மட்டும்தானாம். கேஸ், ஃபில்டர், கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 4,800 ஆகுமாம். 'பழசுக்கு ஏன் செலவு பண்றீங்க? எக்ஸ்சேஞ்ச்ல புதுசு வாங்கிடுங்க' என்று ஒரு நோட்டீஸையும் நீட்டினார். விசிட் சார்ஜ் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 590. வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு ஸ்க்ரூவைக் கூடக் கழற்றவில்லை.

அன்று சாயங்காலம் கோட்லா கிராமத்துச் சந்தில் கடை வைத்திருக்கும் தம்பியை அழைத்து வந்தோம். சேலத்துக்காரப் பெற்றோருக்கு டெல்லியில் பிறந்த பிள்ளை. பாதி தமிழிலும் பாதி ஹிந்தியிலுமாகப் பேசுவார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமானை உருவினார். என் காதருகே கொண்டுவந்து குலுக்கினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம். 'இது ரிலே அக்கா. கம்ப்ரஸரைக் கிளப்பி விடறது இதுதான். உள்ள வில்லை உடைஞ்சிருக்கு. சத்தமே வரக்கூடாது.' பிறகு கம்ப்ரஸரின் மூன்று பின்களில் மீட்டரை வைத்து அளந்தார். 13, 19, 32 ஓம். 'பதிமூணும் பத்தொம்பதும் முப்பத்திரண்டு. கணக்கு சரியா வருது பாருங்க. உள்ள காயில் நல்லாருக்கு.' பின்னுக்கும் கம்ப்ரஸரின் உடம்புக்கும் நடுவே அளந்தார், முள் அசையவில்லை. கரண்ட் உடம்புக்குக் கசியவில்லை என்று அர்த்தம். புது ரிலே, அதோடு சேர்ந்த ஓவர்லோடு (கம்ப்ரஸர் அதிகம் சூடானால் கரண்டை வெட்டுவது), கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். செருகினார். 'டக்' வரவில்லை. முனகல் நீண்டு, அப்படியே ஓட்டமாக மாறியது. மாமியார் உள்ளிருந்து 'ஓடறதா?' என்று கேட்டார்.

பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கியிருந்தால் அது இந்நேரம் பழைய மின்சாமான்களை உடைக்கும் சீலம்பூர்ப் பக்கம் எங்காவது உடைபட்டுக் கிடந்திருக்கும். உடைந்த பழைய சாமானுக்கும் தயாரித்தவரே பொறுப்பு என்று 2023 ஏப்ரல் முதல் மின்கழிவு விதிகள் நடப்பில் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியாததா?

கீழ்வீட்டுக் கதை இன்னும் மோசம். அங்கே கேஸ் நிரப்ப வந்தவர், அடுப்பில் குக்கர் இருக்கும்போதே பக்கத்தில் டார்ச்சைப் பற்றவைத்துக் குழாயை ஒட்டினார். முன்பெல்லாம் ஃபிரிட்ஜில் இருந்த ஆர்12 என்ற கேஸும், அதற்குப் பின் வந்த ஆர்134ஏ-வும் அப்படிப் பற்றிக்கொள்கிற ரகமில்லை. இப்போது பெரும்பாலான ஃபிரிட்ஜில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். 'சிலிண்டர் கேஸோட தம்பி அக்கா அது' என்றார் கோட்லாத் தம்பி. ஓசோனுக்கு நல்லதுதான்; அளவும் சில பத்து கிராம்தான். ஆனாலும் தீப்பிடிக்கும். அடுப்பை அணைக்கச் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொல்லி வேலையைத் தொடங்க உங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா, இல்லையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் 'டி' என்று ஒரு எழுத்து இருக்கிறது. 43 டிகிரி வரையான சூழலுக்கானது என்று அர்த்தமாம். எங்கள் ஊர் அதைத் தாண்டிப் பல நாள் ஆகிறது. சுவரை ஒட்டி வைக்காதே, பின் வலையில் தூசி தட்டு, சூடான பாத்திரத்தை உள்ளே வைக்காதே என்று கோடைக்கு முன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பலாமே. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் எஸ்எம்எஸ் மட்டும் தவறாமல் வருகிறது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று சொல்லுமுன் உங்கள் ஆள் அந்த மூடியைக் கழற்றட்டும், ரிலேயை எங்கள் முன் குலுக்கிக் காட்டட்டும், மூன்று பின்னையும் அளந்து அந்த எண்களைச் சீட்டில் எழுதட்டும். மாடல் எண்ணைப் போட்டால் ரிலே விலை தெரிகிற மாதிரி வையுங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு தொடங்கிய இணையதளம் இதற்காகத்தான். இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது நுகர்வோர் உதவி எண் 1915. கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே அழைத்துவிட்டார்.

590 ரூபாய் ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உடைந்த ரிலேயை ஒரு சம்படத்தில் போட்டு ஃபிரிட்ஜ் தலையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த முறை உங்கள் ஆள் வந்தால் அவர் காதருகே நானே குலுக்கிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மயூர் விஹாரிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி