ரோக்லைக்: சாவுக்குப் பின் மிஞ்சுவது என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் பகுதியில் ரோக்லைக் வகையை, 'செத்தால் முதலிலிருந்து ஆட வேண்டிய கடினமான கேம்' என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அப்படிப் பார்த்தால் பழைய ஆர்கேட் கேம்கள் அத்தனையும் ரோக்லைக்தான். ஆனால் ஆர்கேடில் எந்த எதிரி எந்த இடத்தில் வருவான் என்று மனப்பாடம் செய்துவிடலாம். ரோக்லைக்கில் இடம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் விதிகளை மட்டுமே கற்க முடியும்.

பெயர் கொடுத்த கேம் 1980-ல் வந்த ரோக். டெர்மினல் திரையில் எழுத்துகளாலேயே வரைந்த டன்ஜன், அதாவது நிலவறைகள். மருந்துகளின் நிறம்கூட ஒவ்வொரு ஆட்டத்திலும் கலைத்துப் போடப்படும். இன்று காயம் ஆற்றிய நீல மருந்து நாளை கண்ணைக் குருடாக்கலாம். சேவ் கோப்பு திறந்த உடனே அழிந்துவிடும். ஆட்டத்தை நிறுத்தி வைக்கத்தான் சேவ், செய்த தவறைத் திருத்த அல்ல.

2008-ல் பெர்லினில் கூடிய டெவலப்பர்கள் இவ்வகையின் இலக்கணத்தைப் பட்டியலிட்டபோது முறை வைத்து ஆடுவதையும் கட்டங்களில் நகர்வதையும் சேர்த்தார்கள். அதே ஆண்டு வெளியான ஸ்பெலங்கி அந்த இரண்டையும் கைவிட்டு, மாறும் உலகத்தையும் நிரந்தரச் சாவையும் மட்டும் தாவிக் குதிக்கும் கேமுக்குள் கொண்டுவந்தது. பைண்டிங் ஆஃப் ஐசக், எஃப்டிஎல், ஸ்லே தி ஸ்பயர் எல்லாம் அது திறந்த வழியில் வந்தவை.

உலகம் மாறுகிறது என்றால் கண்டபடி மாறுகிறது என்று பொருளில்லை. ஸ்பெலங்கியின் ஒரு லெவல் 4x4 என்று 16 அறைகள். மேல் வரிசையில் நுழைவாயிலை வைத்து, அங்கிருந்து இடம், வலம், கீழ் என நகர்ந்து வெளிவாசல் வரை முதலில் ஒரு பாதை போடப்படும். பாதையில் விழும் அறைகளுக்கு, தேவையான பக்கம் திறந்திருக்கும் வார்ப்புகளே (முன்பே வரைந்து வைத்த அறை மாதிரிகள்) தேர்வாகும். மற்ற அறைகள் அடைபட்டிருந்தாலும் பாதகமில்லை, கையில் வெடிகுண்டும் கயிறும் இருக்கின்றன. முதலில் பாதை போடும் இந்த முறையைத் தவிர்த்து அறைகளைக் குலுக்கிப் போடும் கேம்களில் சில சமயம் வெளிவாசலுக்கு வழியே இருக்காது. அந்தத் தோல்வியில் ஆடுபவர் கற்க ஒன்றுமில்லை.

அதிர்ஷ்டம் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். கார்டுகளால் சண்டையிடும் ஸ்லே தி ஸ்பயரில் ஒவ்வொரு முறையும் கையில் 5 கார்டு, செலவிட 3 எனர்ஜி, எதிரியின் தலைக்கு மேலே அவன் அடுத்துச் செய்யப்போவது. குலுக்கல் முடிந்த பிறகே நாம் முடிவெடுக்கிறோம். முடிவெடுத்த பிறகு குலுக்கி, 80 சதவீத வாய்ப்புள்ள அடி தவறிப்போகிற கேமும் நன்றாக இருக்கலாம். ஆனால் அதற்கு மாற்றுவழி வைத்திருக்க ஆடுபவருக்கு இடம் தர வேண்டும். இல்லாவிட்டால் செத்ததற்குக் காரணம் தேடினாலும் கிடைக்காது.

ரோக்லைட் என்ற கிளையைக் கட்டுரை தொடவே இல்லை. ரோக் லெகசி (2013), ஹேட்ஸ் (2020) போன்றவற்றில் செத்த பிறகும் ஈட்டியதை வைத்து நிரந்தர பலம் வாங்கலாம். புதியவர்களுக்கு இது நல்ல கைப்பிடி. சிக்கல் எங்கே வருகிறதென்றால், வாங்கிய பலத்தைக் கணக்கில் வைத்தே முதல் பாஸின் (பகுதி முடிவில் வரும் பெரிய எதிரி) உயிரளவை நிர்ணயிக்கும்போது. அப்போது முதல் பத்து ரன்களை (தொடக்கம் முதல் சாவு அல்லது வெற்றி வரை ஆடும் ஆட்டம் ஒரு ரன்) எவ்வளவு திறமையாக ஆடினாலும் ஜெயிக்க முடியாது; ஆட்டம் காத்திருப்பாகிவிடுகிறது. தேர்ந்தவர் புது சேவ் கோப்பில் ஜெயிக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஹேட்ஸில் முடியும். ஸ்லே தி ஸ்பயர் எதிர்த்திசையில் போகிறது: ஜெயிக்க ஜெயிக்க அசென்ஷன் என்ற பெயரில் 20 படிகள் வரை கடினமாகும்.

இனி இவ்வகை கேமுக்கு விமர்சனம் எழுதும்போது, ஒரு ரன் எத்தனை நிமிடம், சாவுக்குப் பின் எது மிஞ்சுகிறது, லெவலை உருவாக்கும் விதை எண்ணைக் கொடுத்து அதே ரன்னை மறுபடி ஆட முடியுமா, இந்த மூன்றையும் குறிப்பிடுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க மதிப்பெண்ணைவிட இவையே வாசகருக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்