உடலியங்கியல் விடைக்குறிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மருத்துவத் தேர்வின் உடலியங்கியல் தாளில், சிறுநீரகத்தில் அம்மோனியா எப்படிக் கடத்தப்படுகிறது என்று கேட்ட வினாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'அம்மோனியா எளிய விரவலால் சேகரிப்பு நாளத்துக்குள் செல்கிறது' என்பது உங்கள் விடை; அதாவது, புரதத்தின் துணையின்றித் தானாகவே பரவி, சிறுநீரைத் திரட்டிச் செல்லும் இறுதிக் குழாய்க்குள் அது நுழைகிறதாம். செல் சவ்வில் உள்ள புரதங்கள் கடத்துகின்றன என்று எழுதிய என் மாணவிக்குப் பூஜ்யம்.

அவள் எழுதியதைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். சிறுநீரகக் குழலின் முதல் பகுதியான அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில், குளுட்டமின் என்ற அமினோ அமிலம் உடைந்து அம்மோனியம் (அம்மோனியாவின் அயனி வடிவம்) உருவாகிறது. ஹைட்ரஜன் அயனிக்குப் பதில் அதை என்எச்இ3 புரதம் குழலுக்குள் தள்ளுகிறது. குழலில் அடுத்து வரும் ஹென்லே வளைவின் தடித்த ஏறு பகுதியில் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, என்கேசிசி2 என்ற புரதத்தின் வழியாக அது குழலிலிருந்து மீண்டும் செல்லுக்குள் வருகிறது. அம்மோனியம், பொட்டாசியம் இரண்டு அயனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு. சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவில் அம்மோனியா குவிவது இப்படித்தான். அங்கிருந்து சேகரிப்பு நாளத்துக்குக் கடத்துபவை ஆர்எச்பிஜி, ஆர்எச்சிஜி. இரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அந்த ரீசஸ் குடும்பத்துப் புரதங்கள்தான்.

விரவலுக்குப் பங்கே இல்லை என்று அவள் எழுதவில்லை. விரவல் மட்டுமே போதுமென்றால், ஆர்எச்சிஜி மரபணு நீக்கப்பட்ட எலிகள் அமிலச்சுமை ஏறியபோது அம்மோனியத்தை வெளியேற்ற முடியாமல் ஏன் திணறின? அந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. தேர்வெழுதியவள் அப்போது பால்வாடிக் குழந்தை.

மறுமதிப்பீடு கிடையாதாம், மறுகூட்டல் மட்டும்தானாம். பணம் கட்டினாள். கூட்டலில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. பூஜ்யத்தை எத்தனை முறை கூட்டினாலும் மாறாதுதானே! அந்த ஐந்து மதிப்பெண் கிடைத்திருந்தால் தேறியிருப்பாள். தோழிகள் வார்டுக்குப் போகிறார்கள். இவள் துணைத்தேர்வுக்குப் படிக்கிறாள். "இதே கேள்வி திரும்ப வந்தா எதை எழுதட்டும், சார்?" என்று கேட்டாள். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். விடைக்குறிப்பைத் திருத்துங்கள்.

கட்டணம் வசூலிக்கும் இணையதளத்தை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறீர்கள். வினா வங்கியோ தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. படித்துவிட்டு வருபவர்களுக்குத் தண்டனை, பழைய நோட்ஸை ஒப்பிப்பவர்களுக்குத் தங்கப்பதக்கம். ஆசிரியர்கள் நாங்களும் ஏன் புதிதாகப் படித்துத் தொலைக்கிறோமோ!

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: விடைக்குறிப்பைத் திருத்துங்கள்; புரதக் கடத்தலை எழுதிய எல்லாருடைய தாளையும் எடுத்து, அந்த ஒரு வினாவை மட்டுமாவது மீண்டும் திருத்துங்கள். துணைத்தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் வருவதற்குள் செய்தால் பெரும் உதவியாக இருக்கும்.

பணிவன்புடன்,
ஓர் உடலியங்கியல் ஆசிரியர்