சாயவேரும் பேராதனைத் தாள்களும்

ஆசிரியர் அவர்கட்கு,

மன்னார்த் தீவின் காற்றாலைகள், கனிய மணல் அகழ்வு பற்றிய தங்கள் அண்மைய தலையங்கம் பறவைகளையும் நிலத்தடி நீரையும் சரியாகவே முன்னிறுத்தியது. ஆனால் மணலோடு ஒட்டி வளரும் சிறுசெடிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது எனக்கு வருத்தமளித்தது. துணிக்குச் செஞ்சாயம் தரும் வேருக்காக ஒல்லாந்தர் தம் ஆட்சியில் வருவாய்ப் பொருளாகக் கருதித் தோண்டுவித்த சாயவேர் இக்கரையோர மணலில் வளரும் காட்டுச்செடி. சில நாட்களில் முடிக்கப்படும் கள ஆய்வில் இத்தகைய செடி கண்ணில் படாமலே போகலாம் என்பதால், செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தின் பழைய தாள்களையும் சான்றாகக் கொள்வது அவசியம். நான் ஓர் ஆடி மாதம் அம்மாவின் ஊருக்குப் போனபோது, அவர் சிறுவயதில் வேர் கிண்டிய இடத்தில் வெறும் மணலே கிடந்தது. மாரி கழிந்த தை மாதத்தில் அதே இடத்தில் கடுகளவு வெண்பூக்களோடு செடி படர்ந்திருந்தது, கிள்ளிய வேர்ப்பட்டை விரலில் செம்மஞ்சட் கறையை விட்டது. ஆகவே, சுற்றாடல் தாக்க மதிப்பீடு ஒவ்வொன்றிலும் அப்பிரதேசத்துக்குரிய உலர்தாவரப் பதிவுகளை, அவை சேகரிக்கப்பட்ட ஆண்டு, இடம், செடியின் ஊர்வழக்குப் பெயர் ஆகியவற்றுடன் இணைப்பதையும், மாரியிலும் கோடையிலுமாக இருமுறை புதிய மாதிரிகள் எடுத்துப் பேராதனைக்கு அனுப்புவதையும் அதிகாரிகள் கட்டாயமாக்க வேண்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.